அண்ணை பூசின எண்ணெய்

செப்டெம்பர் 9, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். அண்ணையின் மகளுக்கு ஞாயிறு கல்யாணம். நான் தைக்க வேண்டிய சாறிச் சட்டை பதின்மூன்று, ஒன்பது முடிந்தது. கொக்கி வாங்க வேண்டும். ஞாயிறு முழுக்க மணவறைப் பக்கம் நிற்கவும் வேண்டும், பெண்ணின் மாமி அல்லவா.

நாரி நோ, அதே இடுப்பு வலி: பத்துக்கு மூன்று. மூன்று என்றால் நான் ராசாத்தி. ஆறு மணிக்கு எண்ணெய், நாக்குக்கு அடியில். கிளினிக் டொக்டர் எழுதித் தரும் கஞ்சா எண்ணெய். சட்டப்படி, என் பெயர் போட்ட போத்தல். கணவருக்கு மட்டும் தெரியும். மற்ற ஆட்களுக்கு, "ஊரிலிருந்து வந்த ஆயுள்வேத எண்ணெய், நோவுக்கு". அண்ணை கோயில் சபைச் செயலாளர். கஞ்சா என்றாலே முகம் சுளிப்பார்.

செப் 10, புதன்

முடிந்த சட்டைகளை எடுக்க அண்ணை வந்தார். லண்டனின் அந்தத் தொங்கல் எட்மண்டனிலிருந்து இந்தத் தொங்கல் தோர்ண்டன் ஹீத்துக்கு ரயில் மாறி மாறி, முழங்கால் பிடித்துவிட்டதாம். நான் மேலே சட்டை மடித்த நேரம் அவர் கீழே குசினியில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். பின்னேரம் பார்த்தால் குசினி அலுமாரியில் எண்ணெய்ப் போத்தல் இல்லை. போன் எடுத்தேன்.

"ஓம், நான்தான் கொண்டந்தனான். உன்ரை நோ எண்ணெய்தானே. ரெண்டு முழங்காலுக்கும் பூசினன், நல்ல சுகம். இப்ப அண்ணி தோளுக்குப் பூசுறா."

நோ எண்ணெய் என்றால் பூசுவதுதான். எங்கள் ஆட்களுக்கு வேறு நினைப்பே வராது. கண்ணாடி போட்டு லேபிளைப் படித்திருக்க மாட்டார். ஆனால் பொய் சொன்னவள் நான். "நல்லது அண்ணை" என்று போனை வைத்துவிட்டேன். கோழை.

செப் 11, வியாழன்

நோ: எட்டு. பழைய நோக் குளிசையை விழுங்கினேன். நோ போகும், கூடவே புத்தியும் போகும். பெண்ணின் கூறைச் சட்டைக்கு இடக்கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்தால் பட்டில் ஊசித் துளை வரிசையாக. அழுதேன். பிறகு, கரைத்துணி வைத்து மறைத்தேன். நன்றாகவே இருக்கிறது.

கிளினிக்கைக் கேட்டேன். புதுப் போத்தல் அடுத்த கிழமைதான். போனது எப்படி என்று எழுதித் தர வேண்டுமாம். என் அண்ணை முழங்காலுக்குப் பூசினார் என்று எழுதவா?

நாளை நேரில் போய்ச் சொல்வது. இந்த நோவோடு ஏழு வருசம் தையல் மெசினில் இருந்தவள், இதற்கா பயப்படுவேன்.

செப் 12, வெள்ளி

எட்மண்டன். வெயில். வீடு முழுக்கச் சனம், பலகார வாசம். அண்ணையைக் கராஜுக்குக் கூப்பிட்டேன்.

"அது கஞ்சா எண்ணெய் அண்ணை. டொக்டர் தந்தது. பூசுறதில்லை, வாயிலை விடுறது."

அண்ணை முதலில் தன் முழங்காலைப் பார்த்தார்.

"பொலிஸ்?"

"எனக்கு எழுதித் தந்தது, நான் எடுக்கலாம். நீங்கள்தான் வைச்சிருக்கக் கூடாது."

ஓடிப்போய்ப் போத்தலைக் கொண்டுவந்து தந்தார். அரைவாசி இருக்கிறது.

"எவ்வளவு காலமா எடுக்கிறாய்?"

"ரெண்டு வருசம். நோ ஏழு வருசம்."

"சும்மா நாரிப்பிடிப்பு எண்டெல்லே நினைச்சன். பதின்மூண்டு சட்டை வேற தந்தனே." போத்தலை என் கைப்பைக்குள் தானே வைத்து மூடினார். "கஞ்சாவை மறைச்சது சரி. இவ்வளவு நோவை ஏன் மறைச்சனீ?"

ஏனென்று எனக்கே தெரியாது.

செப் 13, சனி

நோ: நான்கு. பதின்மூன்று சட்டையும் முடிந்தது. தலைக்கு முழுகினேன். மண்டபம் சோடிக்கிற இடத்திலிருந்து அண்ணை போன்.

"மணவறைக்குப் பக்கத்திலை நீ நிக்காமல் இருக்க ஒரு கதிரை போடச் சொன்னன். கோயில் சபைத் தலைவரும் அங்கை நிண்டவர். ஆருக்கு எண்டார். தங்கச்சிக்கு, நாரி ஏலாது எண்டன். என்ன மருந்து எடுக்கிறா எண்டார்."

"என்ன சொன்னியள்?"

"கஞ்சா எண்டன்."

"அண்ணை!"

"டொக்டர் எழுதித் தந்தது எண்டும் சொன்னன். அவர் தானே ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து வைச்சார்."