முதுகில் போடாத ஊசி

மேல் வீட்டில் கூரைக்குப் பிளாஸ்டர் பூசுகிறார்கள். டெல்லி துவாரகாவில் புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு முதல் வேலை இதுதான். காலையில் பால் வாங்கிவிட்டுப் படியேறும்போது வராந்தாவில் பிளாஸ்டர் மாவைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஈர வாசனை மூக்கில் ஏறியதும் பால் பாக்கெட்டோடு அங்கேயே நின்றுவிட்டேன். உங்கள் மகள் செல்விக்கு மார்பிலிருந்து கால் வரை போட்ட மாவுக்கட்டின் வாசனை அது.

நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தியைப் போன மாதம் செல்விதான் போனில் சொன்னாள். 'அப்படியா' என்றேன்.

இப்போது 'நீங்கள்' என்று எழுதுகிறேன். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் எங்கள் எதிர் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வந்த உங்களை, என்னைவிட நாலைந்து வயது மூத்தவரை, 'நீ, வா, போ' என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான். இதையாவது அந்தக் காலத்து வழக்கம் என்று சொல்லித் தப்பிக்கலாம். அடுத்துச் சொல்லப்போவதற்கு அப்படி ஒரு சாக்கு கிடையாது.

செல்விக்கு அப்போது நாலு வயது. பிறந்ததிலிருந்தே இடுப்பு மூட்டு நழுவியிருந்ததால் சாய்ந்து சாய்ந்து நடப்பாள். நான் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மயக்க மருந்து கொடுக்கும் இளம் டாக்டர். ஆபரேஷனுக்குத் தேதி வாங்கித் தந்தபோது, "அங்க நம்ம பாஷை பேசற ஆளு நீங்க ஒருத்தருதான் தம்பி. நீங்க கூட நின்னாப் போதும்" என்றீர்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆபரேஷன் அன்று காலை என்னோடு வேலை பார்த்த பஞ்சாபிப் பெண் டாக்டர் தியேட்டர் வாசலுக்கு வந்தாள். வேறு ஊரில் வேலை பார்த்தபோது ஒரு வித்தை கற்று வந்திருந்தாள். குழந்தையைத் தூங்கவைத்த பிறகு முதுகின் அடியில், வால் எலும்புப் பக்கம், ஓர் ஊசி. இடுப்புக்குக் கீழே மரத்துவிடும். கண் விழித்த பிறகும் சில மணி நேரம் வலி தெரியாது. முதல் வலி, பெரிய வலி, தெரியாமலே கடந்துவிடும். ஆனால் தாயின் சம்மதம் இல்லாமல் போடமாட்டேன் என்றாள். "உன் பாஷையிலேயே இவங்களுக்குச் சொல்லு" என்று என்னை முன்னால் தள்ளினாள்.

ஏனோதானோ என்று இரண்டு வரி சொன்னேன். நீங்கள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டீர்கள்: "கால் மரத்துப்போனா, உணர்ச்சி திரும்ப வருமா தம்பி?"

ஒரே ஒரு கேள்வி. அரை நிமிஷத்தில் பதில் சொல்லியிருக்கலாம். உள்ளே சர்ஜன் தாமதத்துக்காகக் கத்திக்கொண்டிருந்தார், உண்மைதான். ஆனால் காரணம் அது மட்டும் இல்லை. எனக்குத் தெரியாத ஒன்று அந்தப் பஞ்சாபிப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறதே என்ற பொறாமை. அது கைகூடினால் அடுத்த வாரம் எல்லோரும் அவள் பின்னால் போவார்கள். நான் அவள் பக்கம் திரும்பி இந்தியில் "மனா கர் ரஹீ ஹை" என்றேன். 'வேண்டாம் என்கிறாள்' என்று அர்த்தம்.

அவள் உங்களை ஒருமுறை பார்த்தாள். நீங்கள் வாய் திறக்கவில்லை. அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். குழந்தைகளுக்கு அவ்வளவாக வலி தெரியாது, தெரிந்தாலும் மறந்துவிடும் என்று படித்தவர்கள் நாங்களே பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை. நானும் அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் வார்டுக்கு வந்தேன். செல்வியின் கத்தல் படிக்கட்டிலேயே கேட்டது. மாவுக்கட்டுக்குள் அசையவும் முடியாமல், தலையை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். நர்ஸ் கொடுத்த மருந்து எந்த மூலைக்கு? நீங்கள் உங்கள் கையை அவள் வாயில் கொடுத்து, "கடிச்சுக்கோடி கண்ணு, அம்மாவ நல்லாக் கடிச்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பிஞ்சுப் பற்கள் உங்கள் தோலில் பதிந்திருந்த இடம் சிவந்து கன்றியிருந்தது. நான் கட்டில் வரை வரவில்லை. வாசலிலிருந்தே திரும்பிவிட்டேன்.

மாதங்கள் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். ரம்பம் ஓடி, வெள்ளைத் தூள் பறந்து, உள்ளேயிருந்து குச்சிக் கால் வெளியே வந்தது. நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"அன்னிக்கு அந்த டாக்டரம்மாகிட்ட நான் வேணாங்கறேன்னு சொன்னீங்களே தம்பி..."

நான் கேட்டேன்: "உனக்கு இந்தி தெரியுமா?"

"அஞ்சு வீட்ல வேல செய்யறேன், தெரியாதா? நான் எங்க வேணாம்னேன்னு மொதல்ல திகைச்சுட்டேன். அப்பறம் நெனச்சேன், நம்ம ஆளு, புள்ளைக்கு ஆகாதுன்னு தெரிஞ்சுதான் என் பேரச் சொல்லித் தடுக்கறாருன்னு. அதான் வாயத் தொறக்கல. நல்லதுதான தம்பி பண்ணீங்க?"

என் கண்ணையே பார்த்தீர்கள். சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம்.

"ஆமாம்" என்றேன்.

பிறகு வெட்கத்தை விட்டு அந்தப் பஞ்சாபிப் பெண்ணிடமே போய் அந்த ஊசியைக் கற்றுக்கொண்டேன். ரிட்டயர் ஆகும்வரை எத்தனையோ குழந்தைகளுக்குப் போட்டேன். எந்தத் தாய் என்ன கேட்டாலும், எத்தனை முறை கேட்டாலும், உட்கார்ந்து பதில் சொன்னேன். நல்ல பொறுமைசாலி என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் உங்கள் கைதான் ஞாபகம் வரும். இதில் எதுவும் செல்விக்குப் போய்ச் சேராது. போனில் அவள், "உங்களாலதான் நான் நடக்கறேன்னு அம்மா சாகறவரைக்கும் சொல்லிட்டிருந்தாங்க சார்" என்றாள். அவளிடமும் உண்மையைச் சொல்லவில்லை. இந்த மடலை அவளிடம் கொடுத்துவிடலாம் என்று எழுதத் தொடங்கினேன். கொடுப்பேனா, தெரியவில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்கான பதில் மட்டும் இத்தனை வருஷமாக என்னிடமே இருக்கிறது. வரும் அக்கா. சாயங்காலத்துக்குள் உணர்ச்சி திரும்ப வந்துவிடும்.