மூடியில் இல்லாத கோடு

நண்பா,

பட்டறைக் கதவைத் திறந்ததும் கடல் காற்று உள்ளே புகுந்து, மேசைமேல் இருந்த செம்புக் கலத்தின் குழாய் வாயில் ஊதியது. காலிப் பாட்டிலில் ஊதினால் வருமே, அந்தச் சத்தம். நீ கடைசியாகக் கடைந்த கலம். நீ சுற்றி வைத்துவிட்டுப் போன பழைய லுங்கியை அப்போதுதான் பிரித்திருந்தேன். லேத் எண்ணெய் வாசனை அதில் அப்படியே இருக்கிறது. என்ன செய்வதென்று தெரியாமல் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

திருவொற்றியூரில் பாதிப் பேருக்கு நாம் இன்னமும் சொம்பு செய்கிறவர்கள்தான். ஆராய்ச்சிக்கூடத்துக்காரர்கள் இந்தக் கலத்துக்குள் வானொலி அலையை விடுவார்கள் என்றும், கலத்தின் அளவுக்குப் பொருந்துகிற அதிர்வெண்ணில் அது ஓங்கி நிற்கும் என்றும் சொன்னால் சிரிப்பார்கள். அவர்கள் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு ஓட்டுவார்கள். நாம் காற்றோடு அளக்கிறோம். அங்கேதான் வம்பு. உள்ளே இருக்கும் காற்று அலையைத் துளி மந்தமாக்கி அந்த அதிர்வெண்ணை இறக்கும். நம் ஊர் ஈரக் காற்று இன்னும் கொஞ்சம். ஆகவே அவர்கள் கேட்ட எண்ணுக்குச் சற்றுக் கீழே நிறுத்த வேண்டும். காற்று போனதும் ஏறிச் சரியாகிவிடும். உள்சுவரைக் கடையக் கடைய எண் இறங்கும். கூடுதலாகக் கடைந்துவிட்டால் சீவிய செம்பை ஒட்டவைக்க முடியாது.

நீ லேத்தில் கடைவாய், நான் அளப்பேன். காற்றுக்கு விட வேண்டிய இடைவெளியை விட்டுக் கடைந்து முடித்தாயிற்று என்றால் நீ மூடியில் மஞ்சள் சாக்பீஸால் ஒரு கோடு போடுவாய். கோடு போட்ட கலத்தில் மற்றவன் கை வைக்கக் கூடாது.

இந்த மூடியில் கோடு இல்லை. லுங்கியில் மஞ்சள் கறை இருக்கிறது, ஆனால் அந்த லுங்கியில் என்றைக்கு மஞ்சள் இல்லை? முடித்துவிட்டுத்தான் சுற்றினாயா? கன்டெய்னர் லாரிப் புழுதிக்குப் பயந்து, டீ குடிக்கப் போகும்போதுகூடச் சுற்றிவைக்கிறவன் நீ. அன்றும் டீ குடிக்கத்தான் போனாய். பெஞ்சில் சாய்ந்துவிட்டாய் என்று ஓடிவந்து சொன்னார்கள். நான் வந்து சேர்வதற்குள் உன் மூச்சு நின்றிருந்தது.

அளந்தேன். என் கணக்குப்படி இன்னும் ஒரு சீவல் பாக்கி. லேத்தில் மாட்டப் போனேன், கை வரவில்லை. நம் பழைய சண்டை நடுவில் வந்து நின்றது.

"மாமு, உள்ள கீற காத்த மட்டும் பாக்குற. வெளிய கீற காத்து சும்மா நிக்குமா? உள்ள காலியானா மூடிய அமுக்கும். எண்ணு கீழ வரும்," என்பாய்.

"இம்மாந் தடி மூடிய காத்து அமுக்குதா? போ நைனா!" என்பேன் நான்.

அந்தச் சண்டை தீரவே இல்லை. மூடி அமுங்குவதையும் கணக்கில் எடுத்து இங்கேயே நிறுத்தினாயா, பாதியில் டீக்குப் போனாயா?

அந்த நேரம் பார்த்து உன் சம்சாரம் வந்தது. உட்காரவில்லை. "இன்னாண்ணே, அத்த முடிச்சாரா, பாதில வுட்டாரா? அத்த மட்டும் சொல்லு. தூக்கமே வரல."

தெரியாது என்று எப்படிச் சொல்வது? பக்கத்துக் கடை ஏசி மெக்கானிக்கிடம் காற்று உறிஞ்சும் பம்பைக் கேட்டு வாங்கிவந்தேன். குழாயில் மாட்டி ஓடவிட்டேன். உன் சம்சாரம் அதிர்வெண் காட்டும் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தது. எண் ஏறியது. நான் நினைத்த அளவுக்கு ஏறவில்லை; நீ சொன்னபடியே வெளிக்காற்று மூடியை அமுக்கியிருக்கிறது. ஆராய்ச்சிக்கூடம் கேட்ட எண்ணில் வந்து நின்றது. பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது, எண் நகரவில்லை. நான் அந்தச் சீவலை எடுத்திருந்தால் கலம் காயலான் கடைக்குத்தான் போயிருக்கும்.

"முடிச்சிட்டுத்தான் போயிக்கிறான்மா," என்றேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதது. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

ஆனாலும் குழம்புகிறேனடா. தெரிந்து நிறுத்தினாயா, டீ நேரம் வந்து நிறுத்தியதா? மீட்டர் அதைச் சொல்லவில்லை. அந்த அம்மாவிடம் சொன்னது உண்மையா, ஆறுதலா என்று எனக்கே தெரியவில்லை. நீ இருந்திருந்தால் "பாத்தியா மாமு" என்று ஊரைக் கூட்டியிருப்பாய். அதற்காவது இருந்திருக்கலாம்.

கலம் நாளைக்குப் போகிறது. உன் டப்பாவில் இருந்த சாக்பீஸை எடுத்து மூடிவரை கொண்டுபோனேன். அது நீ போட வேண்டிய கோடு. போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பையெல்லாம் மஞ்சளாகிக் கிடக்கிறது.