நான் துடைத்த ஸ்டார்கள்

அண்ணே,

இன்று காலை மருந்துக் கடையில் அம்மாவுக்கான இன்சுலினை ஐஸ் பையோடு என் கையில் வைத்தார்கள். உள்ளங்கை சில்லென்றதும் உங்கள் நினைவுதான் வந்தது. நீங்கள் காலமான செய்தி வந்து நாலு நாள்தான் ஆகிறது.

நம் மருந்து மொத்த விற்பனை நிறுவனத்தில் நீங்கள் குடோன் கிளார்க், நான் கம்ப்யூட்டர்க்காரி. அப்போது கிளைக்கொரு கறுப்புத் திரை புரோகிராம். அதற்கென்றே உள்ள பழைய ரகக் கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் ஓடாது, ஒரு கிளையின் இருப்பு இன்னொன்றுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் எந்தக் கம்ப்யூட்டரிலும் பிரவுசரில் திறக்கிற ஒரே ஜாவா புரோகிராமாக மாற்றிக்கொண்டிருந்தோம். பழைய தகவல்களைப் புதியதற்குக் கொண்டுவருவது என் பொறுப்பு. மருந்துகளின் பேட்ச் எண்களின் கடைசியில் அங்கங்கே ஒரு ஸ்டார் குறி (*) ஒட்டிக்கொண்டிருந்தது. குப்பை என்று அத்தனையையும் ஒரே வரியில் துடைத்தேன். என்ன திமிர் எனக்கு!

புதியது ஓடத் தொடங்கிய திங்கட்கிழமை, பதினொரு மணிக்கு, பில்லும் கையுமாக ஓடி வந்தீர்கள்.

"ஏம்மா, இந்த இன்சுலின் எப்படி பில் ஆச்சு? ஃபிரிட்ஜ் நின்னு சூடேறிப்போன சரக்கும்மா! விக்கக் கூடாதுன்னுதான ஸ்டார் போட்டு வச்சேன்!"

பழைய புரோகிராமில் 'நிறுத்தி வை' என்று சொல்ல வேறு வழியே கிடையாது. அந்த ஸ்டாரைப் பார்த்துத்தான் பில் போடுகிறவர்கள் விலகிப் போவார்கள். இப்போது மூன்று கடைகளுக்குச் சரக்கு போய்விட்டது. பார்த்தால் நல்ல மருந்துதான், போட்டுக்கொண்டால் சர்க்கரை இறங்காது. இரண்டு கடைகள் போனில் கிடைத்தன. டி. கல்லுப்பட்டிக் கடையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

உங்கள் ஸ்கூட்டரில் கிளம்பினோம். திருநகர் தாண்டியதும் உங்கள் வீட்டில் பேசும் சௌராஷ்டிர பாஷையில் முணுமுணுக்கத் தொடங்கினீர்கள்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல, சாமிகிட்ட பேசிக்கிட்டு வாரேன். நீ கெட்டியாப் பிடிச்சுக்க."

கடைக்காரர் பெட்டியை எடுத்து வைத்துவிட்டு, "இதுல ஒண்ணு இப்பத்தான் போச்சு. பெரியவரு பஸ் ஏறப் போறாரு" என்றார். அந்தக் கனத்த உடம்போடு எப்படி ஓடினீர்களோ! நகரத் தொடங்கிய பேருந்தின் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றீர்கள். டிரைவர் திட்டினார். பெரியவர் சட்டைப் பையிலிருந்து மருந்தை எடுத்துக் கொடுத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாலையில் மேனேஜர் நம் இருவரையும் கூப்பிட்டார். "புரோகிராம்ல தப்பா, டேட்டாவுல தப்பா?"

"டேட்டாவுலதான் சார். கண்டபடி ஸ்டார் போட்டு வச்சிருக்காங்க" என்றேன்.

என்னை ஒரு தடவை பார்த்தீர்கள். "ஆமாங்க, ஸ்டார் போட்டது நாந்தான்" என்றீர்கள். மறுநாளே உங்களைப் பெட்டி ஒட்டும் இடத்துக்கு மாற்றினார்கள். அதன்பின் உங்களைக் கம்ப்யூட்டர் பக்கமே விடவில்லை. என் கல்யாணத்துக்கு வந்து சிரித்த முகமாய் வாழ்த்திவிட்டுப் போனீர்கள். அன்றும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

புதிய புரோகிராம் ஓடத் தொடங்குவதற்கு முந்தின வாரம் என் மேஜைக்கு வந்து, "ஏம்மா, அந்த ஸ்டாரை மட்டும் தொட்டுறாத" என்று சொன்னீர்களே. திரையிலிருந்து தலையைத் தூக்காமல் "சரிண்ணே" என்றேன். குடோன் ஆளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். காதில் விழவில்லை என்று இத்தனை வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். நன்றாகவே விழுந்தது, அண்ணே.