பதினோரு செகண்ட்

அன்பு வாலுக்கு,

கடுதாசின்னா நலம்னுதான் ஆரம்பிக்கணும்னு உங்கம்மா சொல்லுவா, அதனால நான் நலம், நீயும் அங்க அப்படியே இருக்கேன்னு வச்சுக்கிறேன். லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குத் தினமும் போயிட்டுதான் இருக்கேன். நேத்து ஆஸ்பத்திரியில லிஃப்ட் கதவு மூடலைன்னு கூப்பிட்டாங்க, அம்மாவை ஏத்திக்கிட்டுப் போனோமே அதே லிஃப்ட். சென்சார்ல தூசி. தொடைச்சதும் மூடிருச்சு. அத்தை வாரத்துக்கு ரெண்டு நாள் வந்து சமைச்சு வச்சுட்டு, போன தடவை வச்சது அப்படியே இருக்குன்னு திட்டிட்டுப் போறா.

நீயும் உன் கூடப் படிக்கிற ரெண்டு பேரும் பேக்கேஜ் டூரைப் பத்திக் கண்காட்சி வைக்கிறதா சொன்னதை அத்தைகிட்ட சொன்னேன். ஓட்டல்ல மாட்டி விடுற பிளாஸ்டிக் வளையத்தைக் கையில கட்டிக்கிட்டு அஞ்சு வேளையும் தின்னுட்டு, கேட்டுக்கு வெளியே என்ன ஊருன்னே தெரியாமத் திரும்புறவங்களைப் பத்தின்னு. அதுல அம்மா தட்டுல மலை மாதிரி அள்ளி வைக்கிற வீடியோவைச் செவுத்துல திரும்பத் திரும்ப ஓட விடலாமான்னு நீ கேட்டதையும் சொன்னேன். போய்ச் சேந்தவளை நாலு பேர் பார்த்துச் சிரிக்கணுமா, இதுக்கா உன் மகளைப் படிக்க அனுப்பினேன்னு குதிச்சா.

நீ சொல்றது தப்பு இல்லம்மா. நானும் அம்மாவும் டூர் போன ஓட்டல்ல நீச்சல் குளத்துப் பம்பு சத்தம் சரியில்லைன்னு நான் பின்பக்கம் போய்ப் பார்த்தேன், என் புத்திதான் உனக்குத் தெரியுமே. அங்க இருந்த பம்பு ஆபரேட்டர் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, நீங்க நல்லா நீந்துங்க சார், எங்க வீட்டுக் குழாயில காத்துதான் வருது, அதுல நாங்க தலை காய வச்சுக்குறோம்னு. அதை அம்மாகிட்ட சொன்னதுல இருந்து அவ குளத்துல காலே வைக்கலை, அரை வாளித் தண்ணியிலதான் குளிச்சா. அறையைச் சுத்தம் பண்ற பொண்ணு வர்றதுக்குள்ள படுக்கையை அவளே மடிச்சு வச்சுருவா.

இப்ப ஒண்ணு சொல்றேன், கோவப்படாதே. டூர் போறதுக்கு மூணு நாள் முன்னாடியே அம்மாவோட டெஸ்ட் ரிசல்ட் வந்துருச்சு. உனக்குப் பரீட்சை, முடியட்டும்னு அம்மா சொல்லிட்டா. புக் பண்ணின டூரை ரத்து பண்ணினா நீ ஏன்னு கேப்பே, அதனாலதான் போனோம். அந்த மத்தியானம் அவ ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துத் தட்டை நிரப்பிக்கிட்டு வந்து உக்காந்தா. ஒரு வாய் இறங்கலை. தட்டை என் பக்கம் தள்ளிட்டு, ரெண்டு பேருக்கும் சேத்துத்தானே டிக்கெட்டு, என் பங்கையும் நீங்களே தின்னுங்கன்னா. தின்னேன். போனை முதல்லயே தண்ணி பாட்டில்ல சாய்ச்சு வச்சிருந்தேன், வீடியோ அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு. அம்மா சாப்பிடாததை நீ பார்த்துரக் கூடாதுன்னு, அள்ளி வைக்கிற பதினோரு செகண்டை மட்டும் வெட்டி உனக்கு அனுப்பினது நான்தான். உனக்கு அவ அப்படித் தெரியறது என்னாலதான்.

முழுசும் இந்தக் கவர்ல பென் டிரைவ்ல இருக்கு. நாலு நிமிஷம் இருபது செகண்ட். கூடவே அம்மாவோட வளையமும். ஊருக்கு வந்தும் கழட்டலை அவ, ஆஸ்பத்திரியில நர்ஸம்மா கத்தரியால வெட்டி எடுத்துட்டு அதே கையில அவங்க வளையத்தைக் கட்டினாங்க. என்னோடது இன்னும் கையிலதான் இருக்கு. என்ன தலைவா, டூர் இன்னும் முடியலையான்னு கூட வேலை செய்யுற பசங்க கிண்டல் பண்றாங்க.

காட்டணும்னா காட்டு, அத்தையை நான் பாத்துக்கிறேன். ஆனா நான் பண்ணின மாதிரி வெட்டிராதே. சிரிக்கிறவங்க சிரிக்கட்டும், அப்புறமும் அது ஓடட்டும்.

நல்லா இரு கண்ணு, உனக்கு ஒரு குறையும் வராது. குளிர்ல காதை மூடிக்க. வேலை வேலைன்னு பட்டினி கிடக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. நானும் இன்னைக்கு அத்தை வச்சதைச் சாப்பிட்டுட்டுத்தான் இந்தக் கவரை ஒட்டுறேன்.

உன் அப்பா