மணிக்கூட்டு மேசையில் நீங்கள்

அன்புள்ள அக்கா,

நேற்று ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியின் லிஃப்டில் ஒரு பிள்ளை ஹொக்கிப் பையோடு ஏறினாள். நனைந்து காயாத கையுறைகளின் புளித்த வாடை எழுந்ததும் மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் மட்டும் மூச்சை உள்ளே இழுத்தேன். உங்கள் காருக்குள் இருந்த மணம் அல்லவா அது!

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், நாம் குடியிருந்த வெஸ்ட்லியிலிருந்து உங்கள் மகளையும் என் மகளையும் அந்தக் காரில்தான் ஐஸ் ஹொக்கிப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டுபோவீர்கள். வருடந்தோறும் இங்கே நோர்வேயில் நடக்கும் இளையோர் சுற்றுப்போட்டிக்கு ஸ்வீடன், பின்லாந்து, லாத்வியா என்று பல நாட்டு அணிகள் வரும். மண்டபம் இல்லாத காலத்தில், திறந்த வெளியில் உறைந்த மைதானத்தில், நாலைந்து அணிகளோடு தொடங்கியதாம் அது. ஒருமுறை வெயிலுக்கு ஐஸ் உருகி இறுதியாட்டத்தையே பாதியில் நிறுத்தினார்களாம். பழைய ஆட்கள் சொன்ன கதையை நீங்கள் மன்னார்த் தமிழில் எனக்குச் சொல்லும்போது, நீங்களே அங்கே குளிரில் நின்றதுபோல் இருக்கும்.

போட்டி நாட்களில் பெற்றோர் முறைவைத்து வேலை செய்ய வேண்டும். நமக்கு விழுந்தது மணிக்கூட்டு மேசை. நடுவர் றப்பர் வட்டை ஐஸில் போட்டதும் மணிக்கூட்டை ஓடவிடுவதும், விசில் ஊதினால் நிறுத்துவதும் உங்கள் வேலை. கோல்களைத் தாளில் எழுதுவது என் வேலை.

அந்த ஸ்வீடன் அணியுடனான ஆட்டத்தில் ஒரு கோலால் பின்தங்கியிருந்தோம். சமன் செய்தாலே அரையிறுதிக்குப் போய்விடலாம். நாலு செக்கன் மீதமிருக்க, வட்டு போடப்பட்டது. மணிக்கூடு பூச்சியத்தைத் தொடுவதற்குச் சற்று முன் உங்கள் மகள் கோல் அடித்தாள். மண்டபமே எழுந்து கத்தியது; நானும் கத்தினேன். ஸ்வீடன் பயிற்சியாளர் கையை ஆட்டிக்கொண்டு நடுவரிடம் போனார். நடுவர் நம் மேசைக்கு வந்து, மணிக்கூடு சரியாக ஓடியதா என்று கேட்டார்.

நான் மேசைக்குக் கீழே உங்கள் கையைப் பிடித்தேன்.

“ஓம் எண்டு சொல்லுங்கோ அக்கா.”

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டிருந்ததில் மணிக்கூட்டை ஓடவிடும் பொத்தானைப் பிந்தி அழுத்திவிட்டதாக, தட்டுத்தடுமாறி நோர்வே மொழியில் அவரிடம் சொன்னீர்கள். கோல் செல்லாது என்று அவர் கையை விரித்தார்.

உங்கள் மகள் மட்டையை எறிந்துவிட்டு வெளியேறினாள். எனக்கும் கோபம். என் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். காருக்குப் பக்கத்தில் நின்று நீங்கள் பார்ப்பது தெரிந்தும் நான் திரும்பவில்லை.

அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து நானே உங்களிடம் வந்தேன்.

“மகள் உங்களோடை கதைக்கிறாளோ?”

“இல்லையடி. கதைக்கிறாளில்லை. சாப்பிடுறாள்தானே, அது காணும்,” என்று சிரித்தீர்கள். என் பஸ் பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த வருடம், மணிக்கூட்டுக்கு யார் என்று அணிக் கூட்டத்தில் கேட்டார்கள். பின்வரிசையிலிருந்த உங்கள் மகள் எழுந்தாள்.

“மம்மா,” என்றாள். அவ்வளவுதான். நீங்கள் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள்.

நான் இப்போது முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறேன். போன கிழமை ஒரு அம்மாவுக்குக் காலை எட்டு மணி மாத்திரையை மறந்து, நாற்பது நிமிடம் பிந்திக் கொடுத்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒருவரும் பார்க்கவுமில்லை. பதிவேட்டில் எட்டு என்றே எழுதியிருக்கலாம். எட்டு நாற்பது என்று எழுதிவிட்டுப் பொறுப்பாளரின் கதவைத் தட்டினேன், அக்கா.