நீ வாசித்த நான்கு நிமிடம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் நலத்தை வழக்கம்போல ஒரு வரியில் விசாரித்துவிட்டுப் போக மனம் வரவில்லை.

உன் அறை நண்பர் உனக்காக எழுதிய கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நல்லவேளை, நான்தான் பிரித்தேன். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இயந்திரத்தில் போய்விட்டன என்ற வரியை மூன்று முறை படித்தேன். நீ கேட்டுக்கொண்டபடி அம்மாவிடம் சொல்லவில்லை. கடிதத்தை நானே வாசித்துக் காட்டினேன். அந்த இடம் வந்ததும், வேலை கொஞ்சம் அதிகம் என்று நானாக ஒரு வரி சேர்த்தேன். "எப்பப் பாரு வேலை. சாப்பிட்டேன்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கானா பாரு" என்றாள். இல்லை என்றேன். அது மட்டும் உண்மை.

வேலைக்கு ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன் நீ வாசித்த பாஸ் கிட்டார் பதிவைக் கேட்டிருந்தாய். ஒன்றும் செய்யாமல் அப்படியே அனுப்பு, இனி வாசிக்கத்தான் முடியாது, கேட்கவாவது செய்கிறேன் என்று. அப்படியே அனுப்ப அது என்னிடம் இல்லை, அண்ணா.

போன மாதம் நூலகத்தில் ஒலிப்பதிவு பற்றி ஒரு புத்தகம் எடுத்தேன். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரெஸர் போடாத பாஸ் ஒரு சுரத்தில் முட்டும், அடுத்த சுரத்தில் முங்கும் என்று அதில் இருந்தது. உன் வாசிப்பும் அப்படித்தான் இருந்தது. அமுக்குவது நான்கிற்கு ஒன்று என்ற அளவு போதும் என்றிருந்தார்கள். நான் பத்துக்கு ஒன்று வைத்தேன். ஓங்கியதை எல்லாம் அமுக்கி, மொத்தச் சத்தத்தையும் தூக்கிவிட்டேன். பழைய கோப்பின் மேலேயே எழுதட்டுமா என்று கணினி கேட்டது. உனக்கு ஆச்சரியமாக இருக்கட்டுமே என்று சரி கொடுத்தேன்.

உங்கள் இசைக்குழுவின் டிரம்மர் வந்து அதைக் கேட்டார். "பாப்பா, கடையில வாங்கின மாதிரி இருக்கு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உன் கடிதம் வந்த பிறகு மறுபடி கேட்டேன். இரண்டாவது நிமிடத்தில் பாட்டு ஏறும்போது கம்பி அறுந்துவிடுமோ என்று அழுத்தி வாசிப்பாயே, அது இல்லை. கடைசியில் மெல்லத் தணிவாயே, அதுவும் இல்லை. எல்லாச் சுரங்களும் ஒரே உயரத்தில் வரிசையில் நிற்கின்றன. யார் வாசித்தது என்று தெரியவில்லை. வேறு பிரதி இருக்கிறதா என்று கணினி முழுக்கத் தேடினேன். இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மொத்தத்தையும் தூக்கிவிட்டதால், முன்பு காதில் விழாதவை இப்போது கேட்கின்றன. ஒவ்வொரு சுரத்திற்கும் முன்னால் விரல் கம்பியில் வந்து உட்காரும் உரசல். ஆள்காட்டி விரல், அடுத்தது நடுவிரல், மாறி மாறி, நான்கு நிமிடமும். அந்த உரசலையும் நீக்கச் சொல்லிப் புத்தகத்தில் வழி இருக்கிறது. நான் தொடவில்லை.

அதை அனுப்பலாமா கூடாதா என்று ஐந்து நாளாகக் குழம்பி, இன்று அனுப்பிவிட்டேன். நான் செய்ததற்கு நீ எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. அம்மாவிடம் எப்போது சொல்வது என்றும் நீயே சொல்.

ஒரே ஒரு வேண்டுகோள். அறையில் தனியாக இருக்கும்போது அதைக் கேட்காதே, அண்ணா. நண்பர் வேலை முடிந்து வரட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தங்கை