காருக்குள் இருந்தவன்மேல் எனக்கு வந்த பொறாமை

ஹேர்னிங், டென்மார்க்,
கார்த்திகை 9

அன்பு மகள் சாருஜாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் சித்தியும் சுகம், நீயும் அமெரிக்காவில் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். சுகம் என்று எழுதுவது ஒரு மரியாதைக்கு. உண்மையில் உன் சித்தப்பா நான் பொறாமையில் வெந்துகொண்டிருக்கிறேன், அந்தச் சூட்டில் இந்த வருடம் ஹேர்னிங்கில் பனியே விழாதாம். காரணத்தைக் கேள். அமெரிக்கச் சிறுகதைகளில் இருத்தலியம் என்று நீ எழுதும் ஆய்வின் மூன்றாம் அத்தியாயத்தை எங்கள் சபை இரத்தினசிங்கம் மாமாவுக்கு அனுப்பியிருக்கிறாய். நாலு வயதிலிருந்து உன்னை வளர்த்தவன் நான். அவரோ ஆராதனை முடிந்து கோப்பி குடிக்கிற இடத்தில் அதைப் பைபிளுக்கு மேலே வைத்துக்கொண்டு, பிள்ளை தன்னிடம்தான் அபிப்பிராயம் கேட்டதாக டென்மார்க் மன்னருக்கே கேட்கும்படி சொன்னார். போதகருக்குக் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்துவிட்டேன். இன்னும் காட்டவில்லை.

மூன்று கிழமை அகராதியோடு மல்லுக்கட்டி வாசித்தேன். ஒரு கொலையாவது வரும் என்றிருந்தேன். ஒரு கதையில் ஓர் ஆள் மோட்டல் விளக்கைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். இன்னொருவன் வேலையால் வந்து வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் இருக்கிறான், கதை முடிந்தது. இந்த ஒருவனுக்குப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். ஏன் இறங்கவில்லை, கண்ணாடியில் படிந்த மூச்சு எதைச் சொல்கிறது என்று எவ்வளவு பரிவாகக் கேட்டிருக்கிறாய். மாமாமேல் வந்த பொறாமை இவன்மேல் வந்ததற்கு முன்னால் தூசு.

ஏனென்றால் மகள், நீ போன இந்த இரண்டு மாரிகாலமும் நானும் அப்படித்தான். தொழிற்சாலையால் வந்து எஞ்சினை நிறுத்தினால் கை கதவுக்குப் போகாது. வீட்டுக்குள்ளே உன்னைப்போல டெனிஷில் என்னை எதிர்த்து வாய்காட்ட ஆளில்லை. நான் ஏன் இறங்கவில்லை என்று நீ அரைப் பக்கம்கூடக் கேட்கவில்லை.

அவனுடைய கதவை அவனேதான் திறக்க வேண்டும், வேறு யாராலும் முடியாது என்று முடித்திருக்கிறாய். அங்கேதான் பிழை விட்டாய். குசினி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த சித்தி, போன வியாழன் வீட்டுச் செருப்போடு மழைக்குள் வந்து மற்றப் பக்கக் கதவைத் திறந்தாள். "என்னப்பா, இனி இங்கைதான் குடித்தனமோ? அப்ப நானும் வாறன்" என்று ஏறி இருந்தாள். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி முழுக்க இரண்டு பேருடைய மூச்சு. அதற்குப் பிறகு தினமும் வருகிறாள், தேத்தண்ணியும் கொண்டுவருகிறாள். இதற்கு உன் அமெரிக்கர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுது.

அத்தியாயம் முடியவில்லை, நத்தார்ப் பண்டிகைக்கு வரமாட்டேன் என்று சித்தியிடம் சொன்னாயாம். வருவதும் வராததும் உன் தெரிவு, நீயே எழுதியிருக்கிறாய். வந்தால் பில்லுண்ட் விமான நிலையத்துக்கு மூன்று மணித்தியாலம் முந்தியே வந்து நிற்பேன். காதை மூடிக்கொண்டு வெளியே போ, வெறும் வயிற்றில் கோப்பி குடிக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. நான்காம் அத்தியாயம் முதலில் எனக்கு, பிறகுதான் மாமாவுக்கு.

இதையும் காருக்குள் இருந்துதான் எழுதுகிறேன். சித்தி பக்கத்தில். பின்சீட்டு சும்மா கிடக்கிறது.

இப்படிக்கு,
யூலன்ட் முழுவதற்கும் ஒரேயொரு இலக்கிய விமர்சகர்,
உன் சித்தப்பா ஜீவரட்ணம்